செக்போஸ்டில் நான் சொன்னது

ஜமுனாமரத்தூர்,
7.5.1984

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மாமாவுக்கு,

அன்னாள் எழுதுகிறேன். பிலோமிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. என்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை, ஆனால் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை, பயப்படாதீர்கள். கண்ணமங்கலத்தில் உங்கள் அண்ணன் வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போட தினமும் ஸ்டேஷனுக்கு நடப்பதாக எழுதியிருந்தீர்கள். வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போங்கள்.

இங்கே இரண்டு நாளாக நல்ல மழை. பின்பக்கம் கூரை ஒழுகுகிறது, அருணகிரி வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார், எப்போது வருவாரோ. மண்டி முதலாளி லாரிக்கு வேறு டிரைவர் போட்டுவிட்டார். எனக்குப் புளி தட்டும் வேலையை மட்டும் நிறுத்தவில்லை. பிலோமி கோயிலில் புதுநன்மை வாங்குவதற்கு மந்திரமும் ஆண்டவரின் கற்பனைகளும் மனப்பாடம் செய்கிறாள். பத்துக் கற்பனைகளைச் சொல்லிக்கொண்டே வந்து, பொய்சாட்சி சொல்லாதே என்கிற எட்டாவதில் என் முகத்தைப் பார்க்கிறாள். அவள் சும்மாதான் பார்க்கிறாள். எனக்குத்தான் அப்படித் தெரிகிறது.

உங்கள் கடிதம் கிடைத்தது. பிரேக் பிடிக்கவில்லை என்றே எல்லாரும் சொல்ல வேண்டும், வக்கீல் நம்பிக்கையாகப் பேசுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். செக்போஸ்டைப் பற்றி யார் வந்து கேட்டாலும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில். தபாலில் போட்டால் தாமதமாகும், டீச்சர் வசந்தி நாளை உங்கள் பக்கம் ஊருக்குப் போகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை மதியம் ஓர் அம்மாள் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அடிவாரச் செக்போஸ்ட் கான்ஸ்டபிள் லட்சுமணனின் சம்சாரம், மங்கம்மாள் என்று பெயர். நான் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். என் வாய் உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "காசு வாங்கினு வண்டிய வுட்டாருன்னு எங்க வூட்டுக்காரர சஸ்பெண்டு பண்ணிட்டாங்கம்மா. வர்ற வியாழக்கெழம வேலூர்ல விசாரணை. அவரு இன்னா கேட்டாரு, நீங்க இன்னா சொன்னீங்க, அத மட்டும் வந்து சொல்லுங்க, போதும்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காயப்போட்ட புளியைக் கோழி கிளறுகிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். கோழியே இல்லை. புளியை நானே கையால் கிளறிக்கொண்டு அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது, குடித்த தண்ணீர்ச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போயிருந்தார்.

அன்று நடந்தது உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. நீங்கள் இருந்த நிலைமை அப்படி. எனக்கு ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் என்றும் பாராமல் காலையிலேயே சாராயம் குடித்துவிட்டு வந்தீர்கள். நான் திட்டவில்லை. வழக்கம்போலக் கொய்யாக் கொழுந்தும் கிராம்பும் எடுத்து உங்கள் கையில் வைத்தேன். போன வருஷம் நீங்கள் பிடிபட்டு, முதலாளி ஒரு மாதம் வண்டி தராமல் நாம் சாமைக் கஞ்சியோடு கிடந்தோமே, அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த வழி அது. வாசனையை மறைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நீங்கள் சொல்லிச் சிரிப்பீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிலோமியின் புதுநன்மை வெள்ளைக் கவுனுக்குத் துணி வாங்கக் கண்ணமங்கலம் வரை நானும் அவளும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். நம் தெருப் பாஞ்சாலை தன் சாமை மூட்டையோடு, இன்னும் நாலைந்து பேரோடு மேலே புளி லோடில் ஏறிக்கொண்டாள். வளைவில் இரண்டு முறை பின்சக்கரம் ஓரக்கல்லில் உரசியது. நான் மாதாவே மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

செக்போஸ்டில் கட்டை போட்டிருந்தது. லட்சுமணன் உங்களை இறங்கச் சொன்னார், ஊதச் சொன்னார். முகர்ந்து பார்த்துவிட்டு, "கொய்யா எல வாசனதான் வருது, ஆனா கண்ணு ஏன் இப்டி செவந்துனு கீது?" என்றார். ஜீப் வரட்டும், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று உங்களை ஓரமாக நிற்கச் சொன்னார். மாமா, அந்த மனிதர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். கெடுத்தவள் நான். குதித்து இறங்கி, பிலோமியின் தலையில் கை வைத்து, "புளித்தூசிங்க சார், ராத்திரியெல்லாம் காய்ச்சல் வேற, கொழந்த மேல ஆணையா ஒரு சொட்டு தொடல" என்றேன். அவர் பிலோமியைப் பார்த்தார். "குடிச்சவன் வண்டில பெத்த கொழந்தய ஏத்தினு வருவீங்களாம்மா" என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லிவிட்டுக் கட்டையைத் தூக்கினார்.

இதுவரை உங்களுக்கும் தெரியும். இனிமேல் எழுதப்போவதை நான் உங்களிடம்கூடச் சொன்னதில்லை.

படவேடு பிரியும் இடத்தில் அம்மாவைப் பார்க்க வேண்டும், துணியைத் திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று நான் இறங்கிக்கொண்டேனே, அம்மாவைப் பார்க்கும் எண்ணமே எனக்கு இல்லை. பயந்துபோய் இறங்கினேன். உங்கள் கை ஸ்டியரிங்கில் நிற்கவில்லை, என் பிள்ளையை நான் காப்பாற்றிக்கொண்டேன். மேலே இருந்து பாஞ்சாலை எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, அதுக்குள்ள எறங்கிட்ட?" என்று கேட்டாள். நீயும் இறங்கிவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள், லாரியில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும், ஊரில் உங்கள் மானம் போகும் என்று நினைத்துச் சும்மா கையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள். இரண்டு மைல் தாண்டி லாரி பாலத்தில் மோதிப் பாஞ்சாலை செத்தபோது நான் அம்மா வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பயந்து ஓடிவிட்டு மறுநாள்தான் ஸ்டேஷனுக்குப் போனீர்கள், அதனால் எந்த டாக்டரும் உங்களைப் பார்க்கவில்லை. ஆனால் மேலே இருந்து பிழைத்தவர்கள் டிரைவர் மேல் சாராய நாற்றம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் செக்போஸ்டில் எப்படி விட்டார்கள் என்ற கேள்வி லட்சுமணன் தலையில் விழுந்திருக்கிறது.

பாஞ்சாலை வீட்டுக்காரர் கோபால்சாமி நம் வீட்டு வழியாகத்தான் தினமும் தண்ணீருக்குப் போகிறார். நல்லா இருக்கிறீங்களாம்மா என்று கேட்டுவிட்டுப் போகிறார். பிரேக் போனது விதி என்று நம்புகிறார். அவர் என்னைத் திட்டினால் தாங்கிக்கொள்வேன்.

ஈஸ்டருக்கு முன் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாவமன்னிப்புக் கொடுத்து ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன், பத்து நாள் சொன்னேன். ஆனால் நான் பொய் சொன்னது லட்சுமணனிடம் அல்லவா?

போலீசுக்காரனுக்கு வேறு வேலை கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. பிரசவ வலி வந்த பெண்ணுக்காக லோடையே இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினவர் நீங்கள். பயத்தில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பயம்தான். நான் வாயைத் திறந்தால் பிரேக் கதை நிற்காது, லைசென்ஸ் போகும், இரண்டு வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்பது தெரியாமல் எழுதவில்லை. நீங்கள் வரும்வரை புளி தட்டிப் பிலோமியைப் பார்த்துக்கொள்வேன். உங்களைப் பழிவாங்க இதைச் செய்கிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். குடித்தது நீங்கள் என்றால், கட்டையைத் தூக்க வைத்தது நான்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வேலூருக்குப் போகிறேன். பிலோமியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். யார் தலையில் கை வைத்துப் பொய் சொன்னேனோ அவள் காதிலும் உண்மை விழட்டும். பஸ் எட்டு மணிக்குக் கண்ணமங்கலம் வரும், பத்து நிமிஷம் நிற்கும். உங்கள் அண்ணன் தடுப்பார், வக்கீல் கோபிப்பார். அதையெல்லாம் மீறி வாருங்கள் என்று கேட்கிறேன். நான் சொல்வதைவிட நீங்களே சொன்னால் லட்சுமணனுக்கு நல்லது, உங்களுக்கும் நல்லது. முதல் நாள் இரவு குடிக்காமல் படுத்து, முகம் கழுவிக்கொண்டு வாருங்கள்.

ஆண்டவர் உங்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும். என் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைத்திருப்பேன். யாராவது உட்கார வந்தால், கண்ணமங்கலத்தில் என் வீட்டுக்காரர் ஏறுவார் என்று சொல்லுவேன். அதையும் பொய்யாக்கிவிடாதீர்கள், மாமா.

இப்படிக்கு,
உங்கள் அன்னாள்