ஆதிபாவின் இடம்

தோஹா
11.06.2024

அன்பின் லாபிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் வீட்டாரும் சுகமாக இருக்கத் துஆக் கேட்கிறேன். இங்கே வெயில் மனுஷனைப் போட்டு வறுக்கிறது. மாத்தளையில் மழை என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு ஒரே பொறாமை.

போனில் சொன்னால் நீ பாதியை மறந்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதுகிறேன். இம்மாதக் கடைசியில் நிஷ்மியா ஊருக்கு வருகிறாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. உம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிக்கொள்கிறாள். உண்மையான காரணம் வேறு. எங்கள் மகள் ஆதிபா மவுத்தாகி ஒன்பது வருஷமாகிறது. பதினொரு நாள் பிள்ளை. பெற்ற உடம்பு ஆறுவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே அடக்கினார்கள் என்று இன்றுவரை அவள் கண்ணால் காணவில்லை. பெண்கள் மையவாடிக்குள் போகாத ஊர் நம்முடையது. வாசல் கேற்றடியில் நின்றாவது அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நீ கூடப் போய்க் காட்டிவிடு மச்சான்.

நானும் அப்போது இங்கேதான் கிடந்தேன் என்பது உனக்குத் தெரியும். நாலு மாதம் கழித்து வந்தபோது, குழி வெட்டிய இத்ரூஸ் நானா என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். அந்த லீவில்தான் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, யார் எந்த வரிசையில் எத்தனையாவது என்று கேட்டுக் கேட்டு, இருநூற்றுச் சொச்சம் பேரைப் பள்ளிவாசல் லெப்டொப்பில் டைப் பண்ணினேன். இப்போது அவரும் இல்லை, அன்று பிள்ளையைத் தூக்கிப்போன மாமாவும் இல்லை. எனக்கு மேற்குப் பக்கம் என்பது மட்டும்தான் ஞாபகம். எழுதி வைத்திருக்கிறோமே என்ற தைரியத்தில் மற்றதை மறந்துவிட்டேன். நம்மிடம் பெயர்க்கல் நடும் வழக்கமும் இல்லை. நட்டு வைத்த குரோட்டன் செடிகளையும் துப்புரவுச் சிரமதானம் என்று மெஷினால் வெட்டித் தள்ளிவிட்டீர்கள்.

பள்ளிவாசல் செயலாளர் என்ற முறையில் நீ அந்த லெப்டொப்பைப் புதுப்பிக்கப் போவதாகக் கேள்வி. அவசரக்காரா, முதலில் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வை.

உன்,
அம்ஹர்


மாத்தளை
19.06.2024

அன்பு மச்சான் அம்ஹருக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். எல்லாரும் நலம். உன் புத்திமதி ஒரு நாள் பிந்திவிட்டது. காரியம் முடிந்தது!

வேறு வழியும் இல்லை. பழைய விண்டோஸ் 7-ஐ வைத்துக்கொண்டு படாத பாடு பட்டேன். பள்ளிவாசல் விவரங்களை இணையத்தில்தான் அனுப்ப வேண்டும் என்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்தால், உன் பிரவுசர் பழசு என்கிறது. பிரவுசரைப் புதுசாக்கப் போனால், உன் கணினியே பழசு என்கிறது. டவுனில் கணினிக் கடைக்காரர் ஏழு நாள், முழுசாக ஒரு கிழமை கேட்டார். ஒரு கிழமைக்கு யார் காத்திருப்பது? என் வாசனைச் சரக்குக் கடையிலேயே, கராம்புச் சாக்கில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்து நானே விண்டோஸ் 10-ஐ ஏற்றிவிட்டேன். பழையதை வைத்துக்கொண்டு ஏற்றவா, துடைத்துவிட்டு ஏற்றவா என்று கேட்டது. துடைத்தால்தான் வேகம் என்று வீடியோவில் சொன்னதால் துடைத்தேன். இப்போது குதிரை மாதிரி ஓடுகிறது.

பயப்படாதே, எல்லாம் பத்திரம். துடைக்குமுன் திரையில் இருந்த அத்தனையையும் பென் டிரைவில் போட்டேன். நீ டைப் பண்ணிய ‘மையவாடி’யும் அதில் இருக்கிறது. கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. என் மேசை லாச்சியில் பூட்டி வைத்திருக்கிறேன். நிஷ்மியா தங்கச்சி வரட்டும், நான் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். இதையெல்லாம் நீ சொல்ல வேண்டுமா?

உன் மச்சான்,
லாபிர்


தோஹா
27.07.2024

அன்பின் லாபிர்,

நிஷ்மியா இங்கே திரும்பி வந்து சேர்ந்து ஒரு கிழமையாகிறது. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீ காட்டிய இடத்தைக் கேற்றடியிலிருந்தே போனில் படம் எடுத்திருக்கிறாள். புல்லும் சுவரும்தான் தெரிகிறது. அதைத்தான் சுபஹுத் தொழுதுவிட்டு எடுத்துப் பார்க்கிறாள். ஒன்பது வருஷமாகப் பிள்ளையின் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். இப்போது அவளாகவே பேசுகிறாள். நேற்று, இருந்திருந்தால் நாலாம் வகுப்பில் படிப்பாளே என்றாள்.

நீ செய்தது சாதாரண உதவி இல்லை மச்சான். அல்லாஹ் உனக்கு அதற்குக் கூலி தரட்டும்.

ஆனால் உன்மேல் ஒரு கோபமும் உண்டு. எத்தனை தரம் போன் எடுத்தேன்? பிஸி என்று ஒரு சொல் அனுப்பினால் குறைந்தா போய்விடுவாய்? அந்தப் பட்டியலை எனக்கும் ஒரு பிரதி அனுப்பி வை. என்னிடமும் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்ஹர்


மாத்தளை
09.08.2024

அம்ஹர்,

அஸ்ஸலாமு அலைக்கும். போனை வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் என்னால் பொய் சொல்லவும் முடியாது, உண்மையைச் சொல்லவும் முடியாது.

பட்டியல் இல்லை. நான்தான் அழித்தேன்.

தங்கச்சி மையவாடிக்கு வரும் நாள் காலையில், வரிசையைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று பென் டிரைவைச் செருகினேன். ‘மையவாடி’யைத் திறந்தால், தேடும் கோப்பு அந்த இடத்தில் இல்லை என்று வந்தது. நான் பிரதி எடுத்தது பட்டியலை அல்ல. பட்டியல் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டத் திரையில் வைத்திருந்த குறியைத்தான் எடுத்திருக்கிறேன். அதன் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். இத்தனை வருஷமாக அதைப் பார்த்திருக்கிறேன், அது எதற்கு என்று ஒரு நாளாவது யாரிடமும் கேட்டதில்லை. லெப்டொப்பை டவுனில் காட்டினேன், பிறகு ஒரு நாள் கண்டிக்கும் கொண்டு போனேன். துடைத்த இடத்தின்மேல் புதுசு ஏறிவிட்டது, இனி எடுக்க முடியாது என்றுவிட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் உன்னிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு போயிருப்பேன். பென் டிரைவைச் செருகிய அன்றே பின்னேரம் தங்கச்சி வந்து கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எது நானா?” என்று கேட்டாள். தெரியாது என்று சொல்வதற்காகவே நான் போயிருந்தேன், அம்ஹர். வழி நெடுக அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் முகத்தைக் கண்டதும் கை நீண்டுவிட்டது.

“அந்தா, சுவரோரத்துல மூணாவது.”

“நல்லாத் தெரியுமா நானா?”

“பட்டியல்ல பார்த்துட்டுத்தான் வந்தேன்” என்றேன்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கையேந்தித் துஆக் கேட்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்று ஆமீன் சொன்னேன். எந்த வாயால் சொன்னேனோ தெரியாது. ஜும்ஆவில் முன்வரிசையில் நிற்கிறேன், ஆட்கள் மரியாதையாக ஸலாம் சொல்கிறார்கள், எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. போன கிழமை ஒரு ஜனாஸா அடக்கம். கேற்றோடு நின்றுவிட்டேன், உள்ளே கால் போகவில்லை. நீயோ அல்லாஹ்விடம் எனக்குக் கூலி கேட்டு எழுதியிருக்கிறாய்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜமாஅத்தாரிடம் சொல்லப் போகிறேன். அது இருநூறு வீட்டாருடைய பட்டியல். அவர்களுக்குச் சொல்லுமுன் உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தங்கச்சிக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை நீ பார்த்துக்கொள். முடிந்தால் என்னை மாப்புச் செய்.

லாபிர்


தோஹா
02.09.2024

லாபிருக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உடனே பதில் எழுதியிருந்தால் கண்டபடி ஏசியிருப்பேன். அதனால்தான் மூன்று கிழமை பேசாமல் இருந்தேன்.

லெப்டொப்புக்காக உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குறியைத் திரையில் வைத்ததே நான்தான். ஆனால் ஒரு தாய்க்குக் கையை நீட்டிக் காட்டினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நிஷ்மியாவிடம் மறைத்து வைக்க எனக்குத் தெம்பில்லை. போன வெள்ளிக்கிழமை உன் கடிதத்தை அவளுக்கு வாசித்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவே இல்லை.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

அடுத்த நாளும் அவள் உம்மாவோடு அங்கே வந்தாளாமே. அஸருத் தொழுதுவிட்டு வந்த உன்னிடம் திரும்பவும் கேட்டாளாமே. இதை நீ எழுதவில்லை, லாபிர்.

“முந்தின நாள் சுவரோரத்தக் காட்டினாங்க. மறுநாள் மாமரத்தடியக் காட்டினாங்க. நானாவோட முகத்தப் பார்த்தேன். அதுக்கு மேல கேக்க மனசு வரல்ல” என்றாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உங்களுக்கும் அந்த இடம் மறந்துபோச்சுன்னு தெரியும். பட்டியல் இருக்குங்கிற தைரியமாவது உங்களுக்கு இருக்கட்டும்னு விட்டேன். நான் ரெண்டு இடத்துக்கும் துஆக் கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

புல்லையும் சுவரையும் அவள் விடிந்ததும் பார்த்தது எனக்காகத்தான். பெற்ற பிள்ளையை மண்ணில் வைத்த நாளிலும் நான் இல்லை. வைத்த இடத்தையாவது மனதில் வைத்திருக்க வேண்டியவன், அதைக் கணினியில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். உன்னை ஏசுவதற்கு வாயைத் திறந்தால் அந்த ஏச்சு எனக்கே வருகிறது.

அவள் உன்னை மாப்புச் செய்துவிட்டதாகச் சொல்லச் சொன்னாள். நான் இன்னும் செய்யவில்லை. செய்வேன், கொஞ்ச நாள் கொடு. டிசம்பரில் வருகிறேன். கேற்றோடு நிற்காமல் என்னோடு உள்ளே வா, மேற்குப் பக்கம் முழுவதற்கும் இரண்டு பேரும் ஸலாம் சொல்லுவோம்.

அதுவரை சும்மா இருக்காதே. வீடு வீடாகப் போ. தங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களிடம் கேட்டுப் பட்டியலைப் புதிதாக எழுது, காகிதத்திலும் எழுது. ஆதிபாவின் பெயரையும் அதில் சேர். இடம் என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விடு. எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையாவது போட்டு நிரப்பிவிடாதே.

அம்ஹர்