நாலு வினாடி

வீட்டம்மாவுக்கு,

சொந்த நிலத்தில் மண்ணைக் கொட்டி, முட்டை வடிவத்தில் கார் பந்தயப் பாதை போட்ட மாவீரன் என்று இந்த வட்டாரமே காலத்துக்கும் என்னைச் சொல்லும். நேற்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் நீ, "சும்மா ஒரு ரவுண்டுங்க" என்று ஏறி, என்னைவிட நாலு வினாடி குறைவாகச் சுற்றிவிட்டு இறங்கினாய்.

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. பத்து மணிக்கு மெக்கானிக் வருவான். "அண்ணே, அண்ணிகிட்ட நாலு நாள் கத்துக்குங்க" என்று பல்லைக் காட்டியவனுக்கு டீ கிடையாது.

எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை. ஆறு மாதம் வெயிலில் ரோலர் ஓட்டியது நான், கைதட்டல் உனக்கு. அதைத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தயத்தில் நான்தான் ஓட்டுவேன். கார் சாவியை எடுத்துப் போகிறேன், தேடாதே.

பி.கு: மெக்கானிக்குக்கு டீ கொடு. டிராக்டரோடு வரச் சொல்.

இன்னொன்று: சாவி காரிலேயே இருக்கிறது. விடிந்ததும் உன் நேரத்தை முறியடிக்கப் போனேன். புழுதி அடங்க மூன்றாவது வளைவில் தண்ணீர் விட்டிருந்ததை மறந்துவிட்டேன். கார் பாதிக் கதவு வரை சேற்றில் நிற்கிறது. என் செருப்பும் அங்கேதான். உன் பூப்போட்ட செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறேன்.