அம்பில் ஒட்டிய சந்தனம்

கொழும்பு
08.10.2001

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் நலமா? போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது, இனிக் கடிதமே எழுதுவோம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் பதில் வர வேண்டும்.

வெலிமடையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டும் அழகர் அண்ணனிடம் என் அம்புகள் ஆறையும் கொடுத்தனுப்புகிறேன். எல்லாவற்றிலும் இறகு கிழிந்துவிட்டது. இங்கே ஒரு கடையில் ஒன்றை ஒட்டித் தந்தார்கள். ஒரு இறகு கிழக்கே பார்க்கிறது, ஒன்று மேற்கே பார்க்கிறது. பயிற்சியாளர் அதைப் பார்த்துச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வில் அணித் தேர்வு நவம்பர் பத்தாம் திகதி. எங்களில் மூன்று பேரைத்தான் எடுப்பார்கள். எடுத்தால் ஆறு மாதம் இங்கே பயிற்சி, பிறகு வெளிநாட்டுப் போட்டி. அதனால் உங்கள் கைதான் எனக்கு வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். பழைய பசையை மொட்டைக் கத்தியால் மெதுவாகச் சுரண்டுங்கள், நார் கிளம்பக் கூடாது. சூடு மட்டும் காட்டவே கூடாது. தேயிலை பேக்டரியில் இரும்போடு பழகுகிற மனிதர் நீங்கள். எது இறுகினாலும் கொஞ்சம் சூடு காட்டினால் கழன்று வரும் என்பீர்கள். இது கார்பன். நாரைப் பிடித்து வைத்திருக்கும் பசை சூட்டில் செத்துப்போகும், கறுப்புத் தண்டில் வெளியே ஒன்றும் தெரியாது. நாணை விட்டதும் வெடித்து, வில் பிடித்த கையில் ஏறும்.

அத்தை அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நாலு வருசமா வீட்டுல தொட்டில் ஆடல, இவ கொழும்புல வில்லப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா." நீங்கள் அப்போது டீயை ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை சொன்னதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அன்புடன்,
விதுஷா


கல்லுமலைத் தோட்டம், பெரகல
27.10.2001

அன்பு விதுவுக்கு,

உன் அம்புகள் தயார். அழகர் அண்ணன் லீக்ஸ் மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவார். போன தடவை சோதனைச் சாவடியில் பிரித்துக் காட்டச் சொல்லி, இது என்ன ஆயுதம் என்று அவரை வெகுநேரம் நிறுத்தி வைத்தார்களாம். "தம்பி, ஒன் பொண்டாட்டிய கேரம் போர்டு ஆடச் சொல்லக் கூடாதா?" என்று என்னைக் கேட்கிறார்.

சூடு காட்டவில்லை, தாயே. முனைகளைத் தொடவே இல்லை. மொட்டைக் கத்தியால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் விரல் பட்டால் மறுபடியும் துடைத்தேன். தேயிலை உருட்டும் பழைய ரோலர் மெசின் பித்தளையில் நான் செய்த சட்டம் இருக்கிறதே, அதில் வைத்து ஒவ்வொரு இறகாக ஒட்டினேன். வெளிப்பக்கம் வரும் இறகு மஞ்சள், மற்றவை வெள்ளை. நகத்தின் மேல் வைத்துச் சுழற்றிப் பார்த்தேன், ஒன்றும் ஆடவில்லை.

ஒட்டும்போது ஒன்று தோன்றியது. மறைக்காமல் எழுதுகிறேன். இந்த இறகு நேராக இருந்தால் நீ இன்னும் தூரம் போய்விடுவாய். பதுளைப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தபோதாவது சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவாய். ஒன்றைக் கோணலாக ஒட்டிவிட்டால் வந்துவிடுவாளே என்று நினைத்தேன். ஒட்டவில்லை. ஆனால் நினைத்தேன்.

ஆயுத பூசைக்கு பேக்டரியில் என் முறை. இருட்டும்வரை அங்கேதான் நின்றேன். வீட்டில் அம்மா தனியாகப் பூசை போட்டுக்கொண்டார். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். நான் தூண்டவில்லை, அவராகத்தான் சொன்னார்.

உன்,
சதீஸ்குமார்


கொழும்பு
04.11.2001

அத்தானுக்கு,

தாளைப் பிடிக்க எனக்கு இடது கை இல்லை. அறைத்தோழி றஷீனா பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்றுப் பயிற்சியில் உங்கள் அம்பு வெடித்தது. விரலை விட்ட கணம் ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்பாதி சிதறி, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே புகுந்துவிட்டது. ஒரு சிம்பு கன்னத்தை உரசிக்கொண்டு போனது. கண்ணுக்கும் அதற்கும் இடையே ஒரு விரல்கடை. ஆஸ்பத்திரியில் உள்ளங்கையைக் கீறிக் கறுப்பு நார்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். இரண்டு விரல்களில் உணர்ச்சி இல்லை. பத்தாம் திகதி நான் நிற்கப்போவதில்லை.

பயிற்சியாளர் உடைந்த துண்டை நசுக்கிப் பார்த்தார். "இது நெருப்பில் பட்டிருக்கிறது" என்றார். றஷீனா மற்ற அம்புகளை வளைத்தாள். இன்னும் இரண்டு, முனைப்பக்கம் முறுமுறுத்தன.

எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் வளைத்துக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கே நான் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். இதை நான் வளைத்துப் பார்க்கவில்லை. வேறு யார் ஒட்டியிருந்தாலும் பார்த்திருப்பேன். நீங்கள் ஒட்டியது என்று விட்டுவிட்டேன்.

கோணலாக ஒட்ட நினைத்தேன் என்று நீங்களே எழுதினீர்கள். ஒட்டவில்லை என்றும் எழுதினீர்கள். கோணல் என்றால் என் கண்ணில் பட்டுவிடும். சூடு என்றால் படாது. எனக்கு இப்படி நினைக்கவே பயமாக இருக்கிறது, ஆனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வராதீர்கள்.

விதுஷா


பெரகல
12.11.2001

விது,

வராதே என்றாய், வந்தேன். விடுதி வாசலில் நின்றேன். றஷீனா வந்து, நீ பார்க்க விரும்பவில்லை என்றாள். மாடி ஜன்னலில் வெள்ளைக் கட்டோடு ஒரு கை தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முனைகள் சில இளகியிருந்தன. கழற்றி ஒட்டுவதற்கு நெருப்புக் காட்டினேன். உன்னிடம் மறைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. நம்புவதும் விடுவதும் உன் விருப்பம். அம்மாவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நாளை மறுநாள் தீபாவளி. உனக்கு எடுத்த சேலையை அழகர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். வாங்காவிட்டால் திருப்பி அனுப்பு.

சதீஸ்


கொழும்பு
02.12.2001

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதிலாக ஒன்று எழுதி வைத்திருந்தேன். இனி நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று முடியும் கடிதம். தபாலில் போடக் கை வரவில்லை, அதுவும் ஒரு கைதான் இருக்கிறது.

நேற்று றஷீனா கட்டிலுக்கு அடியில் கிடந்த ஐந்து அம்புகளையும் எடுத்தாள். நல்ல இறகுகளையாவது கழற்றிக்கொள்ளலாம் என்றாள். கழற்றும்போது, "இதென்ன மஞ்சளா ஒட்டியிருக்கு?" என்று கேட்டாள். நாண் மாட்டும் பிளவுக்குள் காய்ந்த சந்தனம். அதன் நடுவில் கொஞ்சம் குங்குமம். ஐந்திலும் இருந்தது.

ஒட்டும் இடத்தில் விரல் பட்டாலே மறுபடி துடைக்கிற மனிதர் அம்புக்குச் சந்தனம் வைப்பாரா? ஆயுத பூசை அன்று இருட்டும்வரை பேக்டரியில் நின்றதாக நீங்களே எழுதினீர்கள். முனைகளைத் தொடவே இல்லை என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு நெருப்புக் காட்டினேன் என்கிறீர்கள். போதாதற்கு அம்மாவுக்குச் சம்பந்தமில்லை என்று ஒரு வரி. நான் அத்தையைப் பற்றி எழுதவே இல்லையே, அத்தான். பொய் சொல்ல உங்களுக்கு வராது. பிறகு ஏன் முயல்கிறீர்கள்?

அத்தை என் அம்பைச் சாமிக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டினாரா? அந்த அத்தையா? சந்தனத்தைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன். கைவலியில்கூட அப்படி அழவில்லை.

ஆனால் உங்கள் மேல் கோபம் தீரவில்லை. அத்தையைக் காப்பாற்ற, என் கையை நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று இத்தனை நாள் என்னை நம்பவைத்தீர்கள். அன்று டீயை ஆற்றினீர்களே, இதுவும் அதே டீ ஆற்றுவதுதான். எங்கள் இருவருக்கும் நடுவில் பேசாமல் நிற்பதுதான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தேர்வில் என் இடம் போய்விட்டது. விரல் தேறினால் மார்ச் மாதம் மறுபடி பார்க்கலாம் என்கிறார் பயிற்சியாளர். நான் இங்கேதான் இருப்பேன். அத்தையிடம் பேசிவிட்டு எழுதுங்கள். பேசாவிட்டால் எழுத வேண்டாம்.

விதுஷா


பெரகல
09.12.2001

அன்பு விதுவுக்கு,

பேசிவிட்டேன்.

உன் நவம்பர் கடிதம் வந்தபோதே, அம்பை யாராவது தொட்டார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். "எல்லாரும் மம்பட்டி, தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தின்னு வச்சாங்க. எம் மருமகளுக்கு இதுதானே ஆயுதம். வெளக்குக்குப் பக்கத்துல மொனைய வச்சு, சூடத்த நல்லா கிட்டக் காட்டுனேன். நீ திட்டுவன்னு சந்தனத்தத் தொடச்சிட்டேன். புள்ள ஜெயிச்சாளா?" அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. பழியை நான் எடுத்துக்கொண்டால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன். உனக்கு வலிக்கும் என்று தெரியாமல் போனதுதான் என் முட்டாள்தனம்.

உன் கடிதம் வந்த அன்று அம்மாவை உட்கார வைத்து முழுவதையும் சொன்னேன். டீ ஆறிப்போய்க் கிடந்தது. நான் தொடவில்லை.

அம்மா அழவில்லை. வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என் சூடம்தான்னு அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"என்ன சொன்னா?"

"சந்தனத்தைப் பார்த்து அழுதாளாம்."

அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது சுவரில் அடித்த சாமிப் பலகையில் எல்லாம் இடம் மாறியிருந்தது. விளக்கும் சூடத் தட்டும் அந்தக் கோடிக்குப் போய்விட்டன. முருகன் படமும் நகர்ந்துவிட்டது. இந்தக் கோடி துடைத்துக் காலியாக இருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"அவ வரும்போது வைக்கத்தான். அம்பு மட்டுமா, வில்லும் நீளமாச்சே. எடம் வேணுமில்ல?"

பொங்கலுக்கு வா, விது. மறுநாள் கொழும்பு பஸ்ஸில் உன்னை நானே ஏற்றிவிடுகிறேன்.

உன்,
சதீஸ்குமார்