வக்கீல் ஞானாதிக்கம் உட்கார்ந்த இடம்

போர்ட் பிளேர்,
13.7.2009

அன்பு மனைவி தில்லைக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி குறைஞ்சிதா?

வக்கீல் ஞானாதிக்கம் இறந்துட்டார்னு நீ போனில் சொன்னதிலிருந்து மனசு சரியில்ல. கப்பல் கிடைக்காம அடக்கத்துக்கும் வர முடியல. அதனால நேத்து இங்க ஒரு சர்ச்சுக்குப் போனேன். எல்லாரும் வரிசையில போனாங்க. பிரசாதம்னு நினைச்சு நானும் நின்னுட்டேன். "ஞானஸ்நானம் வாங்கினவரா?"ன்னு பாதிரியார் கேட்டார். "இல்லைங்க, எங்க கடலூர் வக்கீலுக்காக வந்தேன்"னேன். சிரிச்சுட்டு, தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணார்.

சுனாமிக்கப்புறம் பங்காளிங்க நம்ம கடையைப் பூட்டினப்ப, அவரைத் தேடி சர்ச் வாசலுக்கே ஓடினேனே, ஞாபகம் இருக்கா? "யோவ், ஞாயித்துக்கிழமை நான் கர்த்தருக்கும் என் பெண்டாட்டிக்கும்தான் வக்கீல். நாளைக்கு வாய்யா"ன்னார். எனக்கு ஆத்திரம். ஆனா மறுநாள் கோர்ட் திறக்கும் முன்னாடியே வந்து நின்னு கடையை மீட்டுக் கொடுத்தார். இன்னிக்கு நான் கடல் தாண்டி யாவாரம் பண்றது அவர் புண்ணியம்.

யாராவது வந்தா கருவாடு கொடுத்தனுப்பு. ஒத்தையில சாப்பாடு இறங்க மாட்டேங்குது. லோடு வந்துடுச்சு, கூப்பிடுறாங்க.

வர்ற ஞாயிறு அவருக்கு நினைவு ஆராதனையாம். கட்டாயம் போ. ஆம்பளைங்க பக்கம் போகாம, யார் கிண்டல் பண்ணாலும் தன் சம்சாரம் பிரிசில்லா அம்மா பக்கத்துலயேதான் அவர் உட்காருவார். நீ அங்க உட்காரு. அந்தம்மா தனியா பாட வேணாம்.

கலியமூர்த்தி