இளநீர் குடித்த வேர்க்கடலை

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.
வியாழக்கிழமை

அன்புள்ள மகள் சுதர்சனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். கொல்லையில் நீ போட்ட வேர்க்கடலைச் செடிகளும் சுகம், அதுவும் இருக்க வேண்டியதற்கு மேலேயே சுகம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் என்ன என்பாய். போனில் நீ "லேப்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய், இந்தப் பக்கம் உன் அப்பா ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு நிற்பார், எதைப் பேசுவது. நம் மாடியில் குடியிருந்த ஹெல்கா அம்மாள் நாளைக்கு ஜெர்மனி திரும்புகிறாள். ஆசிரமத்தில் காலையெல்லாம் மௌனமாக இருந்துவிட்டு, மிச்சப் பேச்சை எல்லாம் சாயங்காலம் என் அடுப்படியில் வந்து கொட்டிய மகராசி. உன் ஊர் வழியாகத்தான் போகிறாளாம், உன் கையிலேயே தருகிறேன் என்றாள். நின்றபடி படிக்காதே, உட்கார்ந்து படி.

போன லீவில் நீ வந்தபோது இரண்டு பாத்தி போட்டாய். ஒன்றுக்குத் தினமும் தண்ணீர், இன்னொன்றுக்குப் பூ விட்ட பிறகு ஒரு சொட்டுகூடக் கூடாது, மழையும் படக்கூடாது என்று மேலே பாலித்தீன் பந்தல் வேறு. கஷ்டம் வந்தால் செடி என்ன செய்கிறது என்று பார்க்கும் படிப்பு உன்னுடையது. தண்ணீர் இல்லையென்றால் இலையில் இருக்கும் துவாரத்தை மூடிக்கொள்ளும், இலையையே மடக்கிக்கொள்ளும், வேரை ஆழத்துக்கு அனுப்பும் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். இதைக் கண்டுபிடிக்க ஜெர்மனி போவானேன், உன் அப்பாவைக் கட்டிக்கொண்ட பிறகு நானும் இதையெல்லாம்தான் செய்தேன் என்று சொன்னேன், நீ சிரிக்கக்கூட இல்லை. வாரா வாரம் மத்தியானத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன். காய்ந்து கருக வேண்டிய பாத்தி, கடைசி வரிசை ஒன்று தவிர, பச்சைப் பசேலென்று நின்றது. ஹெல்கா அம்மாள் அதன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இந்தச் செடிகள் தவம் இருக்கின்றன என்றாள். நானும் மண்டையை ஆட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, லேபில் வைத்ததெல்லாம் செத்துப்போச்சு, நம்ம கொல்லையில மட்டும் நிக்குதும்மா, புரொபசரே ஆடிப்போயிட்டார், அடுத்த மாதம் பெரிய கூட்டத்தில் இந்தப் படத்தைத் திரையில் காட்டப் போறேன் என்று சொல்லிச் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலமாச்சு. அதனால்தான் இதை எழுதக் கை வரவில்லை.

திங்கட்கிழமை துணி உலர்த்தப் போனேன். பந்தலுக்கடியில் எறும்பு சாரை சாரையாகப் போகிறது. குனிந்து பார்த்தால் மண்ணில் மஞ்சள் கறை, சந்தன வாசனை. நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு உன் அப்பா வருகிறார், ஜினாலயத்திலிருந்து, கையில் பித்தளை வாளி. என்னைப் பார்த்துக் கொஞ்சம்கூடத் திகைக்கவில்லை. எறும்புக்கு வழிவிட்டு, பந்தலுக்குள் குனிந்து, வாளியைப் பதமாகச் சாய்க்கிறார். என்னங்க பண்றீங்க என்று நான் கத்திய கத்தலில் மாடியில் ஹெல்காவின் தியானம் கலைந்துவிட்டது. அவர் நிதானமாகச் சொல்கிறார், "பகவானுக்கு அபிஷேகம் பண்ண கந்தோதகத்தைக் கால் படற இடத்துல ஊத்தலாமா? கோயில் நந்தியாவட்டைக்கு ஊத்திட்டிருந்தேன், அங்க சிமெண்ட் கல்லு போட்டுட்டாங்க. தெருவுல ஊத்தினா பௌர்ணமிக் கூட்டம் மொத்தமும் மிதிக்கும். இங்கதான் உன் பொண்ணே போர்டு வெச்சிருக்கா, யாரும் கால் வைக்கக் கூடாதுனு." அவள் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று உங்களிடம் படித்துப் படித்துச் சொல்லவில்லையா என்றேன். "தண்ணி எங்க ஊத்தினேன்? இது கந்தோதகம்" என்றார். பொய் சொல்லவில்லை சுதா, அந்த மனுஷருக்கு நிஜமாகவே அது தண்ணீர் இல்லை. நீ பட்டினி போட்ட செடி தினமும் காலையில் பால், இளநீர், கரும்புச்சாறு என்று விருந்து சாப்பிட்டிருக்கிறது. நான் மத்தியானம் படம் எடுக்கப் போவதற்குள் மேல்மண் காய்ந்துவிடும், எனக்கு எப்படித் தெரியும். அந்தக் கடைசி வரிசை மட்டும் சுருண்டு கிடந்ததே, அதை ஏதோ நோய் என்று நீ ஒதுக்கிவிட்டாயே, அதற்கு நோயும் இல்லை நொடியும் இல்லை, உன் அப்பா கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. உள்ளதைச் சொன்னது அந்த வரிசை ஒன்றுதான்.

விஷயம் புரிந்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் தெளிந்துவிட்டார், "புரொபசருக்கு நானே எழுதறேன், இது பகவான் மகிமைனு போட்டுக்கட்டும்" என்கிறார். பேனாவைப் பிடுங்கி நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ அந்தப் படத்தைத் திரையில் காட்டாதே கண்ணு. கூட்டத்துக்கு முன்னாலேயே புரொபசரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடு. திட்டினால் திட்டட்டும், சிரித்தால் சிரிக்கட்டும். இதை நம்பி நாளைக்குக் கீழ்பென்னாத்தூரில் ஒருவன் தண்ணீர் பாய்ச்சாமல் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தால், அவன் வீட்டுக்குக் கந்தோதகம் யார் கொண்டு போவது.

அன்றோடு வாளியை நிறுத்தியாகிவிட்டது. இன்றைக்கு மத்தியானம் போய்ப் பார்த்தேன், நீ சொன்னது போலவே இலையெல்லாம் ஒன்றோடொன்று மடங்கிக்கொண்டு நின்றன. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. லேபில் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் நீ என்னிடம் "நல்லா இருக்கேம்மா" என்றுதானே சொன்னாய். தாகம் எடுத்தால் செடிகூட இலையை மடக்கிக் காட்டுகிறது, நீ அதுகூடச் செய்யவில்லை. இனிமேல் ஒரு இலையையாவது மடக்கு, நான் புரிந்துகொள்வேன். படிப்பு முடிய ஒரு வருஷம் கூடுதலானால் ஆகட்டும், இங்கே யாரும் கடிகாரம் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை.

காலுக்கு உறை போடாமல் நடக்காதே. இட்லிப் பொடி ஹெல்காவின் பெட்டியில் இருக்கிறது, கேட்டு வாங்கு, மறந்தால் அவளே தின்றுவிடுவாள். புரொபசரிடம் பேசிவிட்டு எனக்குப் போன் செய், ஸ்பீக்கரில் போடமாட்டேன். அருகன் அருளால் உனக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
உன்னை எந்நேரமும் நினைக்கும் அம்மா,
த்ரிசலா ஜினேந்திரன்

பி.கு.: பொடிக்குப் பக்கத்தில் மூடி இறுக்கிய ஒரு சின்ன பாட்டில் இருக்கும். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், உன் அப்பா கேட்கவில்லை. "செடிக்கு ஊத்தினது போதும், வாடியிருக்கறது என் பொண்ணுதான்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். தலையில் தெளித்துக்கொள். லேப் பக்கம் மட்டும் கொண்டு போகாதே.