முகமூடிக்காரனுக்கு வசனம்

ஜூலை 8

காலையில் போன கரண்ட் மத்தியானம்தான் வந்தது. கார்ட்டூன் தொடரின் மூன்றாம் எபிசோடுக்குத் தமிழ் வசனத்தை முடித்துச் சென்னைக்கு அனுப்பினேன். இளவரசன் ஆல்டன் இன்றைக்கு மட்டும் நாலைந்து தடவை ‘சமநிலை’ என்கிறான். அவன் அப்பா ஓர் ஆற்றையே நீலக் கல் வைத்துப் பூட்டியிருக்கிறார். கீழே இருக்கிற ஊரெல்லாம் காய்கிறது. இதற்குப் பெயர் சமநிலையாம். பூட்டைத் திற என்று கேட்கிற கார்வோன்தான் வில்லன். எப்படித் தெரியும்? கறுப்பு அங்கி போட்டிருக்கிறான், இரும்பு முகமூடி மாட்டியிருக்கிறான், பேச ஆரம்பித்தாலே பின்னால் இடி இடிக்கிறது. வேறு சாட்சி எதற்கு?

காவிரி கடலில் சேர்கிற பக்கத்தில், மாயவரத்தில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் கேட்கிறவன் கெட்டவன் என்று குழந்தைகளுக்குத் தமிழில் எழுதித் தருகிறேன். நல்ல பிழைப்பு.

ஒரே ஓர் ஆறுதல் உண்டு. டப்பிங் வசனத்தில் உதடுதான் எஜமான். படத்தில் இருப்பவன் உதடு ஒட்டுகிற இடத்தில் நம் வார்த்தையிலும் ப, ம வர வேண்டும். அவன் வாயை மூடினால் நம் வாக்கியமும் முடிய வேண்டும். ஆனால் முகமூடிக்காரனுக்கு உதடே தெரியாது. அவன் தலையை ஆட்டுகிற நேரம் முழுக்க என் இஷ்டம்தான். ‘என் வஞ்சம் தீரும்’ என்று ஒரிஜினலில் உறுமுகிற இடத்தில், ‘நாங்கள் பிச்சை கேட்கவில்லை, எங்கள் முறையைக் கேட்கிறோம்’ என்று எழுதினேன். அளவு கச்சிதமாக உட்கார்ந்தது.

ஜூலை 11

ஸ்டூடியோவிலிருந்து ஜெகன் போன் செய்தார். பணிவான பிள்ளை. பணிவாகவே அபத்தம் பேசும். வில்லனுக்குக் கொஞ்சம் கிராமத்துத் தமிழ் போடலாமா மேடம் என்றார். எந்தக் கிராமம் என்றேன். “ஏதாவது லோக்கலா மேடம். ஹீரோ நீட்டா பேசட்டும். வில்லன் கொஞ்சம் ரா-வா இருக்கட்டும்” என்றார். நீட் என்றால் மெட்ராஸ் கான்வென்ட், ரா என்றால் என் தம்பி! முடியாது என்று சொல்லிவிட்டேன். கார்வோனுக்கு மேடைத் தமிழ்தான் எழுதினேன். கேட்டுவிட்டு “வெயிட்டா இருக்கு மேடம்” என்று மெசேஜ் போட்டார். எதனால் வெயிட் என்று கடைசிவரை அவருக்குத் தெரியப்போவதில்லை.

ஜூலை 16

இந்தப் பத்து வருஷத்தில் எத்தனை மாயாஜாலத் தொடருக்கு எழுதியிருப்பேன்? எல்லாவற்றிலும் ஒரே மாவு, அச்சுதான் வேறு. எல்லாரும் சமம் என்று ஒருவன் சொன்னால், அவன் ரகசியமாகத் தனக்கு மட்டும் சக்தி பதுக்கி வைத்திருப்பான். ராஜாவே வேண்டாம் என்பவனுக்கு, ராஜாவைக் கொன்றபின் என்ன செய்வதென்று தெரியாது, ஊரைக் கொளுத்துவான். காட்டைக் காப்பாற்று என்பவள் கடைசியில் மனுஷ ஜாதியே வேண்டாம் என்பாள். பொதுவுடைமை, அராஜகம், பசுமை என்று உலகத்தில் இருக்கிற கொள்கையெல்லாம் வந்து நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணல் சிரிப்பு ஒட்டியிருக்கும். பிறந்ததாலேயே ஆள்கிறவனுக்கு மட்டும் கொள்கை என்று எதுவும் கிடையாது. அவனுக்கு மனசு இருக்கிறது, பெரிய கண் இருக்கிறது, கூடவே பேசுகிற அணிலும் இருக்கிறது. ராஜா தப்பு செய்தால் ஒரு சொட்டுக் கண்ணீர் போதும். எதிர்த்தவன் தப்பு செய்தால் மலை இடிந்து தலைமேல் விழ வேண்டும்.

இதை எழுதுகிறவர்கள் படித்தவர்கள்தானே? வாடகை வீட்டில்தானே இருப்பார்கள்? அரண்மனைமேல் அப்படி என்ன பாசம்?

ஜூலை 20

தம்பி ஜோஸ்வா போன் செய்தான். பொறையாறு பக்கம் இன்னும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

ஜூலை 28

தம்பி ஊருக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். வாய்க்கால் காய்ந்து, உள்ளே முழங்கால் உயரம் புல் நிற்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களாம். இவர்கள் முறை வருகிற அன்றைக்கெல்லாம் ஷட்டர் பூட்டியிருக்கிறதாம். ஷட்டர் சாவி வைத்திருக்கிற லஸ்கரைக் கேட்டால் மேலே கேளுங்கள் என்கிறார். மேலே கேட்டால் அதற்கும் மேலே. நாற்றங்காலுக்கு உழுதுபோட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாசன ஆபீஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தார்கள். பின்னால் கட்டியிருந்த பேனரைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. ‘நாங்கள் பிச்சை கேட்கவில்லை, எங்கள் முறையைக் கேட்கிறோம்.’ ஜோஸ்வா போனில் எல்லா எபிசோடும் பார்க்கிறானாம். “அந்த முகமூடிக்காரன் பேசறது நம்ம பாஷைக்கா” என்றான். எழுதியது நான்தான் என்றேன். அதற்கப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். கார்வோன் வில்லன் என்பதே ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது, அதை மறைப்பானேன்.

விவசாயிகள் சங்கச் செயலாளர் இராஜாங்கம் ஏசி காரில் வந்து இறங்கி, புரட்சி புரட்சி என்று பேசி, வெயில் ஏறுவதற்குள் காரில் ஏறிவிட்டார். அவருடைய புரட்சிக்கு வேர்க்காது.

ஆகஸ்ட் 2

ஆறாம் எபிசோடு வந்தது. நினைத்தபடியே செய்திருக்கிறார்கள்.

கார்வோன் மதகை உடைக்கிறான். வெள்ளம் பாய்ந்து யாரை அடிக்கிறது? ராஜாவையா? இல்லை. இவனுடைய சொந்த ஜனங்களைத்தான். ஒரு குழந்தையின் துணிப் பொம்மை தண்ணீரில் மிதந்து வருகிறது. அதைப் பார்த்து இவன் சிரிக்கிறான். ஒரு நிமிஷத்துக்கு மேல் சிரிக்கிறான்.

எந்தக் கூறுகெட்டவன் எழுதினான் இதை? வருஷக்கணக்காகத் தண்ணீர் கேட்டவன், தண்ணீர் வந்ததும் எதற்குடா சொந்த ஊரை முக்குவான்? வேறொன்றுமில்லை. அஞ்சு எபிசோடாக அவன் பேசியது நியாயம். அதற்குப் பதில் சொல்ல இவர்களுக்கு வக்கில்லை. நியாயம் பேசுகிறவன் கையில் ஒரு பிணத்தைத் திணித்துவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் தண்ணீரைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்? ஜெகனிடம் கத்தினேன். ஒரிஜினலில் இருக்கிறது மேடம் என்றார். அவரால் முடிந்த ஒரே தத்துவம் அதுதான்.

ஆகஸ்ட் 5

விடியும்போது ஜோஸ்வா போன் செய்தான். அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. “தண்ணி வந்துடுச்சுக்கா.” ராத்திரி இவனும் நாலு பேரும் போய்ப் பூட்டை உடைத்து ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். நாற்றங்கால் நனைந்துவிட்டதாம். நல்லதாப் போச்சு என்றேன். அப்படிச் சொன்னது நான்தான்.

சாயந்திரம் மறுபடி போன். ஷட்டருக்கும் தம்பி வயலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் அம்சம் என்று ஓர் அம்மா, காய்ந்த வாய்க்காலுக்குள்ளேயே ஆட்டுப் பட்டி போட்டிருந்திருக்கிறாள். இருட்டில் தண்ணீர் வந்திருக்கிறது. கட்டிக் கிடந்த ஆடெல்லாம் போய்விட்டது. பட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தவளும் போயிருப்பாள், கரைச் செடியைப் பிடித்து ஏறியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 6

பேப்பரில் போட்டிருக்கிறான்: ‘விஷமிகள் அட்டகாசம், ஆடுகள் பலி.’ செத்த ஆடுகளைக் கரையில் வரிசையாகப் போட்டுப் படம். தண்ணீர் ஏன் வரவில்லை என்று ஒரு வரி? கிடையாது. டீக்கடையில், பஸ்ஸில், கோயில் வாசலில், எங்கும் ஆடுதான். இராஜாங்கம் பேட்டி கொடுத்திருக்கிறார், சங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சங்கம் அறவழியில் நம்பிக்கை கொண்டதாம். அந்த ஆளுக்கு இரும்பு முகமூடிகூடத் தேவையில்லை. முகமே அப்படித்தான்.

ஆனால் இதை யாரும் கதையில் திணிக்கவில்லையே. நிஜமாகவே நடந்திருக்கிறதே. நான் யாரைத் திட்டுவது?

ஆகஸ்ட் 7

ஜோஸ்வா வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். போலீஸ் ஊரில் விசாரிக்கிறது.

“அன்னிக்கு ராத்திரி உன் வீட்டுலதான் இருந்தேன்னு சொல்லுக்கா. நீ சொன்னா நம்புவாங்க.”

மாட்டேன் என்றேன். எதற்கு மாட்டேன் என்கிறேன் என்று எனக்கே புரிவதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது. அவன் என்னையே பார்த்தான்.

“நீ எழுதினதைத்தானேக்கா நான் செஞ்சேன்.”

“நான் பொம்மைப் படத்துக்குடா எழுதினேன்.”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பத்து வருஷமாக அது பொம்மைக்கான எழுத்து இல்லை என்று ஊரெல்லாம் சண்டை போட்டவள் நான். அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். போகட்டும். என் தம்பி, உள்ளே போனால் வெதச்சதை யார் பாக்கறது, பிள்ளைகளை யார் பாக்கறது — ஒரு பொய்தானே, சொல்லித் தொலைச்சா என்ன? சொல்ல முடியல. அந்தப் பொம்பளை செடியைப் புடிச்சு ஏறினது கண்ணுலயே நிக்குது.

ஆகஸ்ட் 8

கார்வோனின் சிரிப்பை, ‘ஹ’வும் ‘ஹா’வுமாக எண்ணி எழுதி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 11

அம்சத்தைப் பார்க்கப் போனேன். ஜோஸ்வாவின் அக்கா என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே போனேன். வாய்க்கால் கரையில் ஒற்றை அறை வீடு. அழுவாள், சபிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினாள்.

“தண்ணி கேட்டது தப்புன்னு நான் சொல்லல. வாய்க்கா காஞ்சு கெடந்துச்சு, புல்லு மொளச்சுது, பட்டி போட்டேன். பகல்ல வந்து, அம்சம், ஆட்டை ஓட்டிக்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஷட்டரைத் தூக்க நானே ஒரு கை புடிச்சிருப்பேன். உங்களுக்குத் தண்ணி இல்லன்னா நாங்க இருக்கறதே கண்ணுக்குத் தெரியாதா?”

எந்தக் கொள்கையிலும் இதற்கு வசனம் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ஆறாம் எபிசோடில் முங்கிப்போன ஊரில் ஒருத்தருக்கும் பெயர் கிடையாது, ஒரு வரி வசனம் கிடையாது. வில்லனுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்று ஜெகனிடம் அவ்வளவு கத்தினேனே, இது எனக்கு உறுத்தவே இல்லை. அதை எழுதின அந்தக் கூறுகெட்டவனுக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகஸ்ட் 12

அவள் சொன்னதை மாற்றாமல் போனில் ஜோஸ்வாவிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 18

பூட்டை உடைத்த அன்றைக்கே ஷட்டரை மூடிப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். முளைத்த நாற்று மஞ்சளடிக்கிறது. ஜோஸ்வா வந்தான், இந்தத் தடவை உட்கார்ந்தான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வழியில் இருக்கிற ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பட்டப்பகலில் திறக்கப் போகிறார்களாம். அறிவிப்பு எழுதித் தா என்றான். ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன். சோழ நாடு, தாகம், முறை, நீதி என்று எல்லாம் இருந்தது. படித்தாலே ரோமம் சிலிர்க்கும்.

அவன் படித்துவிட்டுப் பேனாவை வாங்கினான். நேரமும் இடமும் தவிர எல்லாவற்றையும் அடித்தான். கீழே அவனே எழுதிக்கொண்டு போனது இவ்வளவுதான்: ‘வாய்க்கால்ல ஆடு மாடு கட்டியிருக்கறவங்க ஓட்டிக்குங்க. போன தடவை சொல்லாமத் திறந்தது ஜோஸ்வாங்கற நான். அம்சம் அக்கா ஆடு என்னாலதான் செத்துச்சு.’

இப்படிச் சொன்னால் நேராக ஜெயில்டா என்றேன். தெரியும்க்கா என்றான்.

ஆகஸ்ட் 19

திறந்தார்கள். போலீஸ் வந்து எல்லாரையும் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயந்திரம் அனுப்பியது. ஜோஸ்வாவை மட்டும் அனுப்பவில்லை. அவன்தான் ஒலிபெருக்கியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டானே. வழியில் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை.

ஆகஸ்ட் 27

பேப்பரில் இன்று கலர் படம். ‘அதிகாரிகளின் தீவிர நடவடிக்கையால் கடைமடை வந்தது காவிரி: விவசாயிகள் மகிழ்ச்சி.’ மறுபடி மூடி வைத்திருந்த ஷட்டரை அவர்களே திறந்து, அதே வாய்க்காலில் பூத் தூவுகிறார்கள். முன்வரிசையில் இராஜாங்கம், கையில் நெல்லும் பூவும். என் தம்பி கிளைச்சிறையில் புளிச்சோறு தின்கிறான்.

மத்தியானம் ஜெகன் அழைத்தார். இரண்டாம் சீசனாம். கார்வோன் செத்துவிட்டானாம், தண்ணீரை இளவரசனே மனமிரங்கித் திறந்துவிடுகிறானாம். கேட்கிறவரைக்கும் கொடுக்க மாட்டார்கள், கேட்டவன் ஒழிந்ததும் கருணையாகக் கொடுப்பார்கள். தூ! வேறு ஆளைப் பாருங்கள் ஜெகன் என்றேன். ரேட் பத்தவில்லையா மேடம் என்று கேட்டார் பாவம்.

செப்டம்பர் 17

ஜோஸ்வாவுக்கு நிபந்தனை ஜாமீன். திருவிடைமருதூரில் தங்கி தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், ஊருக்கு வரக்கூடாது. நடவுக்கு ஆள் சொல்ல நான் போனேன். எனக்கு நாற்றுமுடிக்கும் கோரைப்புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. வயலில் ஏற்கெனவே ஆள் இறங்கியிருந்தது. முன்னால் நின்று அதட்டிக்கொண்டிருந்தது அம்சம்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

“நடுறது வேற, மன்னிக்கிறது வேற. உன் தம்பிகிட்ட அப்படியே சொல்லு.”

மறுபடி குனிந்துகொண்டாள். பொழுது சாய்வதற்குள் பாதி வயல் பச்சையாகிவிட்டது. ராத்திரி ஜோஸ்வா போன் செய்தபோது ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். “சரிதானேக்கா” என்றான்.