லிஃப்ட் அப்படி விழாது

ஞாயிறு காலை

அன்புள்ள ரேடியோவுக்கு,

அப்பா எழுதுவது. எந்தச் சத்தம் கேட்டாலும் திருப்பிப் பாடுவாயே என்று சின்ன வயதில் நான் வைத்த பேரை இன்னும் விடவில்லை. இங்கே இருவரும் நலம். உன் அம்மாவுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட், அதனால் மாலையில் அவள் இருக்க, வீட்டில் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படி ஏறியே முழங்கால் தேய்ந்தது என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தானே என்னைக் கூப்பிடுகிறார்கள், அது யாருக்கும் தோன்றுவதில்லை.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று பயந்துவிடாதே. போனில் நமக்குச் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "சரி வெச்சிடு" தாண்டி என்றைக்குப் பேச்சு ஓடியிருக்கிறது? வியாழக்கிழமை நீ அனுப்பிய செய்திக்கு மூன்று தடவை பதில் தட்டி மூன்றையும் அழித்தேன். "இனி வரப்போற கடைசிப் பாகத்துக்கு நான் போட்ட இசையை எடுத்துட்டாங்கப்பா. வெறும் சத்தமா இருக்கு, இசையே இல்லைன்னு இசையமைப்பாளர் சொல்லிட்டார். எனக்குப் போதும். உங்க ஆபீஸ்ல அந்த கம்ப்ளெய்ன்ட் மேசை நாற்காலி இன்னும் காலியா இருக்கா?" என்று கேட்டிருந்தாய். அதற்கு வருகிறேன். முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உன் முகமூடிக்காரன் தொடரை நான் பார்ப்பதில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன் அல்லவா? முதல் பாகத்திலிருந்து ஒன்று விடாமல் பார்க்கிறேன். பாதியில் யாராவது வந்தால் செய்தி சேனலுக்கு மாற்றிவிடுவேன். உன் அம்மாவுக்குத் தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நாலு வருடத்துக்கு முன் நீ பெட்டியோடு கிளம்பும்போது, "பின்னாடி நின்னு டொய்ங் டொய்ங்னு வாசிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டவன், இப்போது சோபாவில் சாய்ந்து அந்த டொய்ங்கைக் கேட்கிறான் என்றால் மானம் போகாதா?

பார்க்கத் தொடங்கியது உன் பேருக்காகத்தான். கடைசியில் "கூடுதல் இசை" என்று போட்டு உன் பேர் இரண்டு விநாடி மேலே போகும். அதற்குள் அந்தப் பாழாய்ப்போன ஆப், எழுத்தையெல்லாம் மூலையில் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிவிட்டு, அடுத்த பாகம் ஐந்து விநாடியில் என்று எண்ண ஆரம்பித்துவிடும். ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு நாங்கள் இருவரும் போடும் சண்டையைப் பார்த்தால் முகமூடிக்காரனே பயந்துபோவான். ஒரு தடவை நான் தப்பான பொத்தானை அமுக்கி, பாகம் முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது. உன் பேருக்காக முழுப் பாகத்தையும் இன்னொரு தடவை பார்த்தோம். வில்லன் யார் என்று தெரிந்துகொண்டே பார்ப்பது எவ்வளவு நிம்மதி தெரியுமா?

மற்ற நிகழ்ச்சிகளும் பார்க்கிறேன், பொய் சொல்வானேன். உன் அம்மா பார்க்கும் குடும்பத் தொடரில் கன்னத்தில் விழும் ஒரு அறையை மூன்று பக்கத்திலிருந்து காட்டுகிறார்கள். அடித்த கை இறங்குவதற்குள் நான் டீ போட்டுக் குடித்துவிடுகிறேன். பாட்டுப் போட்டியில் ஒரு நடுவர், பாடகர் மைக்கைத் தொட்டதுமே கண்ணைத் துடைக்கிறார். அதற்கெல்லாம் உன் தொடர் எவ்வளவோ மேல். ஆனால் சில குறைகள் உண்டு. முகமூடிக்காரன் எதற்கு முதுகில் அவ்வளவு நீளத் துணியைத் தொங்கவிடுகிறான்? எங்கள் மோட்டார் ரூமுக்குள் அப்படி வந்தால் முதல் நாளே வெளியே அனுப்பிவிடுவேன், சக்கரத்தில் மாட்டினால் யார் பதில் சொல்வது? அவன் உடைத்த கட்டடங்களை மறுநாள் யார் சரி செய்கிறார்கள் என்றும் இதுவரை ஒரு பாகத்தில்கூடக் காட்டவில்லை.

நேற்று மாலை பார்த்த புது சீசனின் ஆறாம் பாகத்தில் இன்னும் மோசம். லிஃப்ட் கம்பி அறுந்து விழுகிறது, அவன் அடியில் நின்று கையால் தாங்குகிறான். நான் டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டேன். லிஃப்ட் அப்படி விழாது. ஒன்று போனால் தாங்க நாலைந்து கம்பி இருக்கிறது. எல்லாம் போனாலும், வேகம் மீறியதும் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் இடுக்கி கவ்விக்கொள்ளும். உள்ளே இரண்டே பேர் இருக்கும்போது பிரேக் போனால், கம்பியின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை கனத்து லிஃப்ட் மேலேதான் போகும், கீழே அல்ல. உன் அம்மா, "ஏங்க, அவன் பறக்கிறதை ஒத்துக்கிட்டீங்க, இதை ஒத்துக்க மாட்டீங்களா?" என்றாள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக். டக். ட...டக்.

எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். சத்தம் அங்கிருந்து இல்லை. டிவியிலிருந்து, வயலினுக்கு அடியில், மெதுவாக. டக். டக். ட...டக். உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது உனக்குப் பதினோரு வயது. பள்ளி விடுமுறை, அம்மாவுக்கு ஷிப்ட். விதிப்படி பெரிய தப்பு, ஆனாலும் உன்னைப் பல் டாக்டர் கட்டடத்து மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனேன். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, லிஃப்டை ஓட்டி நிறுத்தும் ரிலே சுவிட்சுகள் தட்டும் சத்தத்தை என் போனில் பதிவு செய்தாய். "சார்ஜ் தீர்ந்துடும், வெக்கிறியா இல்லையா" என்று அதட்டினேன். நீயோ, "அப்பா, மூணாவது தட்டு நொண்டுதுப்பா" என்றாய். சிரித்தேன். அப்புறம் திறந்து பார்த்தால் அந்த மூன்றாவது ரிலே உள்ளே கருகிக் கிடந்தது. அடுத்த வாரமே அதை மாற்றிவிட்டேன். நானே கண்டுபிடித்ததாக அறிக்கையில் எழுதி, மேலாளரிடம் சபாஷும் வாங்கிக்கொண்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நொண்டல் இப்போது உலகத்தில் எந்த லிஃப்டிலும் இல்லை, ரேடியோ. உன் பதிவில் மட்டும்தான் இருக்கிறது. என் வேலையை அத்தனை கவனமாகக் கேட்டவர் வேறு யாருமில்லை. முப்பது வருடமாக லிஃப்ட் ஓடுகிறது, ஒருவரும் என்னை நினைப்பதில்லை. நின்றால்தான் என் நம்பரைத் தேடுகிறார்கள். அப்படிப்பட்ட வேலையின் சத்தத்தை நீ எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து வயலினுக்குக் கீழே போட்டிருக்கிறாய். உன் அம்மா அந்தக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். முகமூடிக்காரன் வயிற்றுவலிக்காரன் மாதிரி முக்கிக்கொண்டு நின்றான். சத்தத்தோடு பார்த்தபோது, அந்த லிஃப்ட் விழாது என்று தெரிந்த நானே சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படிப் போடுகிறவளின் கடைசிப் பாகத்தை இசை இல்லை என்று சொன்னவர் பெரிய ஆளாக இருக்கலாம். அவர் ஒரு தடவையாவது லிஃப்டில் மாட்டியிருக்க வேண்டும்.

சரி, நாற்காலி. வெள்ளிக்கிழமை மேலாளரிடம் கேட்டேன். "காலியாத்தான் இருக்கு, ஒண்ணாம் தேதி வரச் சொல்லுங்க" என்றார். வீட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு வந்தேன், மறைக்கவில்லை. மகள் பக்கத்தில் இருப்பாள் என்ற ஆசை எந்த அப்பனுக்கு இல்லை? இந்தக் கடிதத்தில் "வா" என்று ஒரு வரி எழுதுவதாகத்தான் இருந்தேன். நேற்று அந்த மூன்று தட்டு கேட்காமல் இருந்திருந்தால் எழுதியும் இருப்பேன். அன்று டொய்ங் டொய்ங் என்று நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நீ கிளம்பிப் போனாயே, அதற்கு நன்றி. என் பேச்சை நீ கேட்காத நாட்களில் அதுதான் மிக நல்ல நாள்.

முடிவு உன்னுடையது. நாற்காலியை மேலாளர் இந்த மாதம் முழுக்க வைத்திருப்பார். நீ வந்தால் அம்மா உன் அறையைத் துடைத்து வைத்திருப்பாள், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு தொழில் ரகசியத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றால் உள்ளே இருப்பவர்களுக்கு விழுந்துவிடுமோ என்று பயம். பயத்தில் கதவை நெம்பித் திறந்து குதிக்கப் பார்ப்பார்கள். அடிபடுவதெல்லாம் அப்படிக் குதித்தவர்கள்தான். உள்ளேயே நின்றவருக்கு ஒன்றும் ஆனதில்லை. அதனால் போனதும் கருவியைக்கூட எடுக்காமல், முதலில் கதவில் தட்டி நான் சொல்வது இவ்வளவுதான்: "விழாதுங்க. குதிக்காதீங்க. கொஞ்ச நேரம் உள்ளேயே இருங்க. நான் வந்துட்டேன்."

கதவைத் தட்டிவிட்டேன், ரேடியோ.

இப்படிக்கு,
வெளியே நிற்கும்
உன் அப்பா